ஐம்பதாவது கை

மார்ச் 2

டிரைவர் அவர்களுக்கு,

இது சங்கத்தின் சார்பில் எழுதும் கடிதம். சொந்த விஷயம் எதுவும் இதில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் பேசிவிடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். பதினோரு வருஷம் பேசாத இரண்டு பேர் போனில் பேசினால், யார் முதலில் வைப்பது என்பதில்தான் போட்டி நடக்கும். அதனால் கடிதம்.

நம் பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எவரும் சேரலாம் என்று ஒரு தனிக் கிளை தொடங்கத் தலைமைச் சங்கம் அனுமதி கொடுத்திருக்கிறது. குறைந்தது ஐம்பது பேர் வேண்டும். ஏப்ரல் 28 காலை தொடக்கக் கூட்டம். அன்றைக்கு ஐம்பது பேரும் நேரில் வந்து கை தூக்க வேண்டும். நாற்பத்தொன்பது என்றால் கிளை கிடையாது. கிளை அமைந்தால் நிர்வாகத்தோடு பேசும் மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி உண்டு. பணிமனை மருந்தகத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு மருந்து கொடுப்பதை நிறுத்தப்போகிறார்களாம். அதைக் கேட்க இப்போது நமக்கு வாய் இல்லை.

என்னிடம் நாற்பத்தொன்பது பெயர் இருக்கிறது.

நீங்கள் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர் என்பதை மறக்கவில்லை. விதி 14-இன்படி, வருத்தம் தெரிவித்து விண்ணப்பம் கொடுத்தால் நீக்கத்தை ரத்து செய்யலாம். படிவம் இணைத்திருக்கிறேன்.

சொந்த விஷயம் இல்லை என்றேன். ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வு பெற்று நான்கு வருஷமாகியும் தினம் காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகம் போய்விடுகிறேன். டீ கொடுக்கிறார்கள், ஃபேன் பக்கத்தில் உட்காரவைக்கிறார்கள். போன மாதம் ஓட்டெடுப்பில் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டேன். இப்போதைய செயலாளர், அதான் நம் மெக்கானிக் ஸ்பேனர், காதருகே வந்து, "அக்கா, நீங்க கருத்து சொல்லலாம், கை தூக்கக் கூடாது" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கு என் கை திரும்ப வேண்டும்.

இப்படிக்கு,
கண்டக்டர் (ஓய்வு)


மார்ச் 11

செயலாளர் அம்மா அவர்களுக்கு,

முன்னாள் செயலாளர் என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. உங்களை முன்னாள் என்று யார் சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை என்று பேனாவுக்கே தெரிந்திருக்கிறது.

படிவம் கிடைத்தது. நல்ல கெட்டித் தாள். பேரன் அதில் ஒரு யானை வரைந்திருக்கிறான், அதனால் திருப்பி அனுப்ப இயலவில்லை.

எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. அதைக் கட்டம் போட்ட படிவத்தில், பெரிய எழுத்தில், இரண்டு பிரதி எழுதிக் கொடுக்க மாட்டேன். ஒன்பது வருஷம் ஒரே வண்டியில் ஓடியிருக்கிறோம். நான் முன்னால், நீங்கள் பின்னால். என் முதுகைப் பார்த்தே எனக்குக் காய்ச்சல் என்று கண்டுபிடித்தவர் நீங்கள். அப்படிப்பட்டவர் "விதி 14-இன்படி" என்று எழுதுகிறார். நன்றாக இருங்கள்.

இங்கே நான் சௌகரியமாக இருக்கிறேன். மகன் வீடு நான்காவது மாடி. மருமகள் தங்கமானவள், என்னை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. அதுதான் கஷ்டம். பொழுது போகாமல் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புகிறேன். வளைவு வந்தால் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கிறது. முந்தாநாள் அந்த டிரைவர் பெண் கண்ணாடியில் பார்த்து, "ஐயா, ரெண்டு பேரும் சேர்ந்து பிரேக் போட்டா வண்டி எப்படி நகரும்?" என்று கேட்டாள். வண்டியே சிரித்தது.

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரி எனக்கு முன்னாலேயே படித்துவிட்டாள். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

ஐம்பதாவது ஆளை வேறு எங்காவது தேடிக்கொள்ளுங்கள்.

டிரைவர்


மார்ச் 20

டிரைவரே,

தேடினேன். ஸ்டோர் கீப்பர் சரியென்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, "முப்பது வருஷம் சங்கம் சங்கம்னு வீட்டுக்கே வரலை. இப்பதான் வந்திருக்காரு. நீங்க போயிட்டு வாங்க" என்று கதவைக் காட்டினார். அவர் பக்கமும் நியாயம் இருப்பதால் பேசாமல் வந்துவிட்டேன். டிக்கெட் அச்சடித்தவர் காது கேட்காத மாதிரி நடித்தார். வாசல் காவலர் உண்மையிலேயே காது கேட்காமல், நான் வீட்டு வாடகை கேட்டு வந்திருப்பதாக நினைத்துச் சத்தம் போட்டார். என் மகள் வேறு, "ரிட்டயர் ஆனா ரிட்டயர் ஆகணும்மா" என்று தினம் ஒரு தடவை சொல்கிறாள்.

இதை எழுதுவது அதற்காக அல்ல. எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உங்கள் கடிதம் பார்த்த கோபத்தில், உங்களை நீக்கிய தீர்மானத்தை வரிக்கு வரி நகலெடுத்து அனுப்பலாம் என்று பழைய மினிட்ஸ் புத்தகத்தை எடுத்தேன். என் கையெழுத்துத்தான். வேலைநிறுத்தத்தின் ஐந்தாம் நாள் பஸ்ஸை வெளியே எடுத்ததற்காக உங்களை நீக்குவதாக எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே, "ஆஜரானோர் பதினைந்து பேர்" என்று இருக்கிறது. அதற்குக் கீழே, "டிரைவர் வெளிநடப்பு செய்தார்" என்று இருக்கிறது. அதற்கும் கீழே, "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது" என்று இருக்கிறது.

பதினைந்து பேர் இல்லாமல் கமிட்டியில் எந்தத் தீர்மானமும் செல்லாது. பதினைந்தாவது ஆள் நீங்கள். நீங்கள் வெளியே போனதும் உள்ளே பதினான்கு பேர்தான்.

ஒரு ஆள் குறைந்தால் கமிட்டியில் தண்ணீர் குடிக்கக்கூட விடாதவள் நான். அந்த நான் பதினான்கு பேரை வைத்துக்கொண்டு உங்களை நீக்கியிருக்கிறேன். ஆகவே நீங்கள் நீக்கப்படவே இல்லை. பதினோரு வருஷமாக நீங்கள் உறுப்பினர்தான். அன்றைக்கு அவ்வளவு கோபம் எனக்கு. எண்ணத் தோன்றவில்லை.

வரும் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைப் படிக்கப்போகிறேன். முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. படிவத்தில் பேரன் வரைந்த யானை அப்படியே இருக்கட்டும்.

கண்டக்டர்


மார்ச் 28

கண்டக்டரம்மா,

எனக்கு அன்றே தெரியும்.

கோபத்தில் எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் எத்தனை பேர் என்று பார்க்காமல் எந்த டிரைவரும் கிளம்ப மாட்டான். பதினான்கு தலை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அடுத்த வாரமே ஆள் பிடித்து, இருபது பேரை உட்காரவைத்து, என்னை முறைப்படி நீக்கியிருப்பீர்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. உறுப்பினர் அட்டை இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைக்கிறேன். வீட்டுக்காரிக்குத் தெரியும், கேட்டதில்லை.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். விதிக்காக இல்லை, உங்களுக்காக.

வேலைக்குத் திரும்பாவிட்டால் வேலை போகும் என்று நிர்வாகம் வீட்டுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. எல்லோர் வீட்டுக்கும்தான் வந்தது. மற்றவர்கள் கிழித்துப் போட்டார்கள். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. நான் பயந்துவிட்டேன். யாரும் என்னைத் தள்ளவில்லை, யாரும் விலைக்கு வாங்கவில்லை. பயம், அவ்வளவுதான். விடிந்ததும் போய் வண்டியை எடுத்தேன்.

ஒரே ஒரு நடை ஓட்டினேன். வண்டியில் ஒரு ஆளும் ஏறவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தினேன். நிறுத்திவிட்டு உங்கள் விசிலுக்காகக் காத்திருந்தேன். ஒன்பது வருஷப் பழக்கம். விசில் வராது என்று தெரிந்தும், எப்போது கிளம்புவது என்று தெரியாமல் ஒவ்வோர் இடத்திலும் திருதிருவென்று நின்றேன். பணிமனைக்குத் திரும்பியதும் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். செய்தது தப்பு. அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் விதியைப் படித்தீர்கள், நான் வெளியே போனேன். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

வருகிறேன். ஆனால் பூனை மாதிரி பின்வாசல் வழியாக வர மாட்டேன். எண்ணிக்கைத் தவறால் தப்பித்தவன் என்று பெயர் வேண்டாம். மேலே பயத்தைப் பற்றி எழுதியதையும் கூட்டத்தில் படியுங்கள். கேட்டுவிட்டு அவர்கள் என்ன சொன்னாலும் சரி.

டிரைவர்


ஏப்ரல் 5

டிரைவரே,

படித்தேன். முதலில் மினிட்ஸ், பிறகு உங்கள் கடிதம்.

பதினான்கு என்று வாசித்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஸ்பேனர் ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, வெளியே போய் நின்றான். பிறகு எல்லோரும். என்னிடம் இருபது வருஷம் விதி விதி என்று திட்டு வாங்கியவர்களுக்கு அன்றைக்குத் திருவிழா. நானும் அசடு வழிய நின்றேன். பழைய க்ளீனர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "அப்ப பதினோரு வருஷம் அவரு மூஞ்சியப் பாக்காம இருந்தோமே, அதுக்கு யாரு பொறுப்பு?"

"நான்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு உங்கள் கடிதத்தைப் படித்தேன். நிறுத்தத்தில் விசிலுக்காக நின்ற இடம் வந்ததும் தாளைப் பக்கத்தில் நீட்டிவிட்டேன். க்ளீனர் வாங்கி மீதியைப் படித்தார். முடித்ததும் ஒருத்தர், "நானும் அன்னைக்கு வேலைக்குப் போகலாம்னு கேட் வரைக்கும் போனேன், நம்ம ஆள் நின்னதால திரும்பிட்டேன்" என்றார். இன்னொருத்தர் தானும்தான் என்றார். எனக்கு இது எதுவும் தெரியாது. செயலாளரிடம் யார் சொல்வார்கள்?

எல்லோரும் உங்களை வரச் சொல்கிறார்கள். டயர்காரர் ஒருவர் தவிர. அவருக்கு அந்த வேலைநிறுத்தத்தில் நிஜமாகவே வேலை போனது, திரும்பக் கிடைக்க ஒன்றரை வருஷம் ஆனது. "அவரு வந்தா நான் வரலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை என்னால் குறை சொல்ல இயலவில்லை.

ஆக, நீங்கள் வந்தால் அவர் போகிறார். மறுபடியும் நாற்பத்தொன்பது. ஆனாலும் வாருங்கள். ஐம்பதுக்காக உங்களை வர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை எண்ணிக்கையில் கோட்டை விட்டது போதும்.

கண்டக்டர்


ஏப்ரல் 12

கண்டக்டரம்மா,

உங்கள் கடிதம் வந்தபோது நாங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். கண்ணாடி கைக்கு அகப்படாததால் வீட்டுக்காரிதான் உரக்கப் படித்தாள். டயர்காரர் இடத்தில் நிறுத்தி, "பாவம்" என்றாள். முடித்ததும் மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஒரு ஆள் குறையுதா?"

"ஆமா."

"பணிமனையில வேலை பாத்த எவரும்னுதானே முதல் லெட்டர்ல எழுதியிருந்தாங்க?"

"ஆமா."

"நான் என்ன அங்க வேடிக்கை பாத்துட்டு இருந்தேனா?"

கையில் எடுத்த தம்ளரை நான் அப்படியே வைத்துவிட்டேன். பதினாறு வருஷம் பணிமனைக் கேன்டீனில் சமைத்தவள். நீங்களும் நானும், உங்கள் நாற்பத்தொன்பது பேரும் அவள் கையால்தான் சாப்பிட்டோம். காலை முதல் வண்டி கிளம்புவதற்கு முன்னால் டீ தயாராக இருந்தது என்றால், அவள் அதற்கும் முன்னால் வந்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று ஒன்றரை மாதமாக ஊரெல்லாம் தேடுகிறீர்கள். நானோ அந்த ஆளின் எதிரில் உட்கார்ந்து தினம் மூன்று வேளை சாப்பிடுகிறேன்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "யாராவது கேக்கறாங்களான்னு பாத்துட்டு இருந்தேன்" என்றாள்.

பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் பெயரை அவளே கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். என்னுடையதைவிடப் பெரிதாக.

டயர்காரருக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். பதில் எதிர்பார்க்கவில்லை.

டிரைவர்


ஏப்ரல் 19

டிரைவரே,

முதலில் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்: எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிப்பேன், ஆனால் முட்டிவலி, குனிந்தால் அவர்தான் தூக்கிவிட வேண்டும்.

அவர் பெயரைப் பார்த்ததும் அன்று மாலையே கேன்டீனில் இருந்த மற்றவர்களைத் தேடிக் கிளம்பினேன். பாத்திரம் கழுவியவர், மாவு பிசைந்தவர், கூட்டிப் பெருக்கிய இரண்டு பேர். நான்கு பேரும் பணிமனையிலிருந்து பத்து நிமிஷ நடையில்தான் இருக்கிறார்கள். அந்தத் தெருக்களில் நான் வாரத்துக்கு நான்கு தடவை நடக்கிறேன். நான்கு வீட்டிலும் ஒரே வார்த்தை: "எங்கள யாரும் கேக்கலையே." நான்காவது வீட்டில் அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னார்.

ஆக ஐம்பத்து நான்கு. மகளிடம் சொன்னேன். "சரி, ரிட்டயர் ஆக வேண்டாம், சாப்பிட்டுட்டாவது போ" என்றாள். எங்கள் வீட்டில் இதைச் சமாதான ஒப்பந்தம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிளைக்குச் செயலாளர் தேர்தலும் அன்றைக்கே. நான் நிற்கிறேன். போட்டி இருக்காது என்கிறார்கள். புதுச் செருப்பு வாங்கியிருக்கிறேன்.

கண்டக்டர்


மே 3

கண்டக்டரம்மா,

ஊர் திரும்பி நான்கு நாள் ஆகிறது. என் நிலைமையைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

நீங்கள் நேரில் பார்த்ததை நான் திரும்பச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஐம்பத்து நான்கு கை எழுந்ததும், வாசலிலேயே நின்றிருந்த டயர்காரர் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, என் பக்கம் பார்க்காமல் ஐம்பத்தைந்தாவது கையைத் தூக்கினார். எனக்கு அது போதும். இன்னும் ஒரு வருஷம் அவர் என்னைப் பார்க்காவிட்டாலும் போதும்.

பிறகு நடந்ததுதான் என் தலையெழுத்து. கேன்டீன்காரர்கள் நான்கு பேரும் என் வீட்டுக்காரி பெயரைச் செயலாளராக முன்மொழிவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவள் கூச்சமே படாமல் எழுந்து நின்றாள். பேசினாள். இருபத்தெட்டு, இருபத்தேழு என்று எண்ணி முடித்தார்கள்.

அவள் ஒரு ஓட்டில் ஜெயித்தாள். நான் உங்களுக்குப் போட்டேன். முன் வரிசையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. பதினோரு வருஷத்துக்குச் சேர்த்து உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. மேடையிலிருந்து அவள் என் கையைப் பார்த்தாள். திரும்பி வரும் மூன்று மணி நேர பஸ்ஸில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக் கதவைத் திறக்கும்போது மட்டும், "கண்டக்டரம்மா எனக்குப் போட்டாங்க" என்றாள்.

நிஜமா? பின்னால் இருந்த உங்கள் கையை நான் பார்க்கவில்லை. அப்படியென்றால் நீங்கள் உங்களுக்கே போட்டிருந்தால் நீங்கள்தானே செயலாளர்?

இங்கே மூட்டை கட்டுகிறார்கள். செயலாளர் ஊரில் இல்லாமல் கிளை எப்படி நடக்கும் என்று உத்தரவு. மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், மருமகள் அவனிடம், "அத்தை சிரிச்சு நான் இப்பதான் பாக்கறேன், பேசாம இருங்க" என்றாள். பணிமனைக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு அறை உள்ள வீடு ஒன்று பாருங்கள். மாடி வேண்டாம்.

டிரைவர்


மே 10

டிரைவரே,

வீடு பார்த்துவிட்டேன். தரைத்தளம், பின்பக்கம் வெயில் வரும், ஜன்னலைத் திறந்தால் வண்டிகள் திரும்பும் சத்தம் கேட்கும். அது உங்களுக்குக் குறையா நிறையா என்று தெரியவில்லை. முதல் தேதி சாவி கொடுப்பார்கள்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், நான் உங்கள் வீட்டம்மாவுக்குத்தான் போட்டேன்.

எனக்குச் செயலாளராக வேண்டும் என்று கொள்ளை ஆசை. பொய் சொல்ல மாட்டேன். என்ன பேசுவது என்று நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவர் ஒரு தாளும் இல்லாமல் எழுந்தார். "ஸ்ட்ரைக் அன்னைக்கு கேன்டீன்காரங்க உள்ள போகணுமா வேணாமான்னு எங்களுக்கு யாரும் சொல்லலை. உள்ள போனா நீங்க திட்டுவீங்க, வெளிய நின்னா அவங்க வேலைய விட்டு எடுப்பாங்க. நாங்க அஞ்சு பேரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னோம், பன்னெண்டு நாளும். உங்க கொடிக்குக் கீழ நிக்க எங்களுக்கு இடம் இருக்கான்னு தெரியலை" என்றார். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் அங்கேதான் இருந்தேன், டிரைவரே. மெகாஃபோனோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் நின்றதை நான் பார்த்தேன். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவர் பெயரைச் சொல்லி யார் யார் ஆதரவு என்று கேட்டதும் கை எழுந்துவிட்டது. நான்கு வருஷமாக ஏங்கித் தவித்துத் திரும்பக் கிடைத்த கை, முதல் வேலையாக என்னைத் தோற்கடித்தது. கீழே இறக்க மனசு வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவருடைய முதல் கடிதம் நிர்வாகத்துக்குப் போயிருக்கிறது, நகல் பார்த்தேன். எட்டே வரி. நான் எழுதியிருந்தால் ஐந்து பக்கம் வந்திருக்கும். மருந்தை நிறுத்தும் தேதியைத் தள்ளிவைத்து, பேச்சுக்கு அழைத்திருக்கிறார்கள்.

ஒரு உதவி. வரும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் மருந்துப் பட்டியல் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும். உறுப்பினர்களுக்கு இரண்டு நிமிஷம்தான் என்று செயலாளர் விதி போட்டிருக்கிறார்களாம். எனக்கு ஐந்து நிமிஷம் வேண்டும். நான் கேட்டால் நன்றாக இருக்காது. அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கண்டக்டர்